வால் சிரைப் பின்னலின் ஃபிராக்டல் பரிமாணம்: ஓர் அளவீடு கைவிடப்பட்ட வரலாறு

கருவளர்ச்சியைப் படிக்கும் ஓர் ஆய்வகத்தில், மரபணு வெளிப்பாட்டின் உருவை, ஒழுங்கற்ற உருவின் சிக்கலைக் குறிக்கும் ஃபிராக்டல் பரிமாணம் என்ற ஒற்றை எண்ணால் அளக்க மேற்கொண்ட முயற்சியை இந்தக் குறிப்பு தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்கிறது. இதை எழுதுபவர் அந்த ஆய்வகத்தின் படப் பகுப்பாய்வில் துணை நின்றவர். ஆய்வகமும் அதில் பங்கேற்றவர்களும் பெயர் சுட்டப்படவில்லை. கருவின் திசுப் படங்களில் பெட்டி எண்ணல் முறையைப் பயன்படுத்த நினைக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டது.

பின்னணி

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் இருந்த மாணவி ஒருவர், ஜீப்ரா மீன் கருவின் வாலில் உருவாகும் சிரைப் பின்னலை ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவுற்று ஏறத்தாழ 25 மணி நேரம் ஆனதும், வாலின் அச்சுச் சிரையிலிருந்து வயிற்றுப்புறமாகக் கிளைகள் முளைக்கத் தொடங்குகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்து, இடையிடையே துளைகள் கொண்ட ஒரு வலையாக மாறுகின்றன. பிற்பாடு இரத்த ஆதிசெல்கள் வந்து தங்கிப் பெருகும் இடமும் இதுதான். இந்த முளைப்பு பிஎம்பி என்னும் சமிக்ஞைப் புரதங்களைச் சார்ந்தது என்பதும், முதுகுப்புறத் தமனியிலிருந்து எழும் முளைப்பு அவ்வாறின்றி விஇஜிஎஃப் சமிக்ஞையைச் சார்ந்தது என்பதும் 2011ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டன. பிஎம்பி ஏற்பிகளைத் தடுக்கும் டிஎம்எச்1 என்ற சேர்மத்தைக் குறைந்த செறிவில் கொடுத்தால் பின்னலின் உரு எந்த அளவுக்குச் சிதைகிறது என்பதை எண்ணால் சொல்ல வேண்டும் என்பதே மாணவியின் கேள்வி.

நாளங்களின் உட்சுவர்ச் செல்களில் வெளிப்படும் ஃப்ளி1ஏ என்ற மரபணுவின் ஆர்என்ஏவை, முழுக் கருவிலேயே நிறமேற்றிக் காட்டும் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் முறையை அவர் தேர்ந்தெடுத்தார். கருக்கள் 28.5 டிகிரி செல்சியஸில் வளர்க்கப்பட்டன; தோலின் கருநிறமி படத்தை மறைக்காமலிருக்க நீரில் பிடியு சேர்க்கப்பட்டது. உரிய வேளையில் பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, அந்த மரபணுவின் ஆர்என்ஏவைத் தேடிப் பற்றும் ஆர்என்ஏ துருவியைப் பிணைத்து, அதைப் பற்றும் எதிர்ப்பொருளோடு இணைந்த அல்கலைன் பாஸ்படேஸ் நொதியின் உதவியால், என்பிடி–பிசிஐபி கரைசலில் நீலஊதா நிறம் வரச் செய்வது இதன் நடைமுறை.

ஃபிராக்டல் அளவை அவர் நாடியதற்குத் தக்க காரணம் இருந்தது. பிரிட்டனின் கடற்கரை நீளம் அளவுகோலின் சிறுமையைப் பொறுத்து மாறுகிறது என்பதை 1967இல் கணிதவியலாளர் மேண்டல்பிராட் எடுத்துக்காட்டியதிலிருந்து, ஒழுங்கற்ற உருவங்களின் சிக்கலை ஒரே எண்ணில் சொல்லும் வழி உயிரியலாளர்களை ஈர்த்து வந்திருக்கிறது. இரு வேறு மரபுச் செல்களைக் கலந்து உருவாக்கிய எலிகளின் கல்லீரலில் ஒரு மரபைச் சேர்ந்த செல்திட்டுகளின் கரை எவ்வளவு நெளிந்திருக்கிறது என்பதை இவ்வாறு அளந்து, செல்பிரிவு பற்றிய விதிகளை ஊகித்த ஆய்வுகளும் உண்டு. கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணும்போது, எதைக் கிளை என்று கொள்வது என்பதில் பார்ப்பவரின் விருப்பு வெறுப்பு நுழைந்துவிடும். பெட்டி எண்ணும் கணினிக்கு அத்தகைய சார்பு இல்லை என்று மாணவி கருதினார்.

முதற்சுற்றில் கண்டது

மாணவி கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தடுப்பானைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தை மட்டும் கொடுத்தார். மற்றக் குழுவுக்குத் தடுப்பான் கொடுத்தார். வாலின் படங்களை எடுத்து, ஒரு வரம்பு மதிப்புக்கு மேல் நிறம் ஏறிய பிக்ஸல்களைக் கறுப்பாகவும் மற்றவற்றை வெள்ளையாகவும் மாற்றினார். பின்னர் இமேஜ்ஜே மென்பொருளில் உள்ள பெட்டி எண்ணல் கட்டளையை அதன் இயல்புநிலையிலேயே இயக்கினார். படத்தின் மீது ஒரு குறிப்பிட்ட அளவுள்ள கட்டங்களை விரித்து, கறுப்பு தொடும் கட்டங்களை எண்ணி, கட்டத்தின் அளவை மாற்றி மாற்றி இதையே செய்து, எண்ணிக்கையின் மடக்கையைக் கட்ட அளவின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் சாய்வின் எண்மதிப்பே (குறியை நீக்கி) ஃபிராக்டல் பரிமாணம் எனப்படுகிறது.

தடுப்பான் பெற்ற கருக்களின் பரிமாணம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் புள்ளிகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் அமைந்தன; பொருத்தக் கெழு 0.99க்குக் கீழே இறங்கவில்லை. இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் சோதனையிலும் நின்றது. மாணவி ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினார், அது ஏற்கப்பட்டது. அதன் தலைப்பிலேயே ஃபிராக்டல் என்ற சொல் இருந்தது.

ஐயம் எழுந்த இடம்

கருத்தரங்குக்கு முன் நடந்த ஆய்வகக் கூட்டத்தில், ஒரு மூத்த ஆய்வாளர் இரண்டு கேள்விகளை எழுப்பினார். இரு குழுக்களும் ஒரே நாளில், ஒரே குழாயில் நிறமேற்றப்பட்டனவா என்பது முதல் கேள்வி. சாய்வு கணிக்கப்பட்ட கட்டங்களில் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் திசுவில் எத்தனை மைக்ரோமீட்டர் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு இல்லை என்பதே விடை. குழுக்கள் தனித்தனிக் குழாய்களில் இருந்தன. நிறவினை நிறுத்தப்பட்ட நேரம் கண் அளவில் முடிவு செய்யப்பட்டது. என்பிடி–பிசிஐபி நிறம் நேரத்தோடு ஏறிக்கொண்டே போவது. அது வெளிப்பாட்டின் இடத்தைக் காட்டுமே ஒழிய, வெளிப்பாட்டின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. சில நிமிடம் கூடுதலாக விட்டாலே நாளத்தின் விளிம்பில் மங்கலாக இருந்த செல்களும் வரம்பு மதிப்பைத் தாண்டிக் கறுப்பாகிவிடும். எனவே கட்டுப்பாட்டுக் குழுவின் நாளங்கள் உண்மையிலேயே தடித்திருந்தனவா, கூடுதல் நேரம் நிறம் ஏறியதால் தடித்துத் தெரிந்தனவா என்பதை அந்தப் படங்களிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

இரண்டாவது கேள்வி இதைவிட ஆழமானது. முழு ஆய்வின் திசையையும் திருப்பியது அதுதான் என்பதால், அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டமும் திசுவும்

படக்கருவியில் ஒரு பிக்ஸல் 6.5 மைக்ரோமீட்டர்; பத்து மடங்குப் பெரிதாக்கும் வில்லையில் அது திசுவின் 0.65 மைக்ரோமீட்டருக்குச் சமம். படங்களில் நிறமேறிய நாளத்தின் அகலம் சுமார் 10 மைக்ரோமீட்டர், அதாவது ஏறத்தாழ 15 பிக்ஸல். முதுகுப்புறத்திலிருந்து வயிற்றுப்புறம் வரை பின்னலின் உயரம் சுமார் 60 மைக்ரோமீட்டர், அதாவது 90 பிக்ஸலைச் சற்றே தாண்டும்.

மென்பொருளின் இயல்புநிலைக் கட்ட அளவுகள் 2, 3, 4, 6, 8, 12, 16, 32, 64 பிக்ஸல் ஆகிய ஒன்பது. எவருடைய படத்துக்கும் தொடக்கமாக இருக்கட்டும் என்று வைக்கப்பட்ட பொது அளவுகள் இவை. மீன் கருவின் சிரைக்கென்று தேர்ந்தவை அல்ல. இந்த ஒன்பதில் முதல் ஆறும் நாளத்தின் அகலத்தைவிடச் சிறியவை. அவை வலையின் கிளைப்பைக் காண்பதே இல்லை. நாளம் என்ற தடித்த பட்டையின் உட்பரப்பையும் விளிம்பையும் மட்டுமே எண்ணுகின்றன. பரப்பை எண்ணும்போது சாய்வு 2ஐ நெருங்கும். விளிம்பின் பங்கு கூடக் கூட 2இலிருந்து இறங்கும். பட்டை மெலிந்தால் பரப்பைவிட விளிம்பின் பங்கு உயரும், சாய்வு குறையும். ஆக, இந்த ஆறு புள்ளிகளும் வேறொரு வேடத்தில் அளப்பது நாளத்தின் தடிப்பைத்தான். நிறம் குறைவாக ஏறிய குழுவின் பரிமாணம் குறைந்ததற்கு இதுவே போதுமான விளக்கம்.

நாளத்தின் அகலத்துக்கும் பின்னலின் உயரத்துக்கும் இடையில் மிஞ்சுபவை 16, 32, 64 என்ற மூன்று கட்டங்கள் மட்டுமே. மூன்று புள்ளிகளில் எந்த விதியையும் நிறுவ இயலாது. கட்டங்களை நெருக்கமாக எடுத்துப் புள்ளிகளைப் பெருக்கினாலும் நிலைமை மாறாது. ஏனெனில் திசுவே தரக்கூடிய இடைவெளி ஆறு மடங்குதான், பத்து மடங்கு கொண்ட ஒரு தசமப் படியைக்கூட அது எட்டவில்லை. தன்னையொத்த அமைப்பு என்று சொல்ல வேண்டுமானால், சிறிய அளவில் காணும் ஒழுங்கின்மை பெரிய அளவிலும் திரும்பத் திரும்ப வர வேண்டும். வால் சிரைப் பின்னலுக்கு அவ்வாறு திரும்பி வருவதற்கான இடமே இல்லை. இயற்பியல் ஏடுகளில் ஃபிராக்டல் என்று அறிவிக்கப்பட்ட அளவீடுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, அவை சராசரியாக 1.3 தசமப் படிகளையே தழுவியிருந்தன என்று 1998இல் காட்டி, அதுவே குறைவு என்ற விவாதத்தை எழுப்பியது. இங்கே அந்தக் குறைந்த அளவும் கிட்டவில்லை.

அப்படியானால் 0.99ஐத் தாண்டிய பொருத்தக் கெழு எங்கிருந்து வந்தது என்று மாணவி கேட்டார். நியாயமான கேள்வி, அதற்குச் சொற்களால் விடை சொல்வதைவிடச் செய்து காட்டுவதே நல்லது என்று பட்டது. 15 பிக்ஸல் அகலமுள்ள நேரான பட்டைகளை 45 பிக்ஸலுக்கு ஒன்றாக, ஏணிப் படிகளைப் போல வரைந்து, அதே கட்டளையை இயக்கினோம். இதில் ஃபிராக்டல் தன்மை துளியும் இல்லை. பள்ளிச் சிறுவரும் அளவுகோல் வைத்து வரைந்துவிடலாம். ஆனாலும் சாய்வு 1.7ஐ ஒட்டி வந்தது. பொருத்தக் கெழு 0.99க்கு மேலேயே நின்றது. எண்ணிக்கையும் கட்ட அளவும் ஒன்று ஏற மற்றது இறங்கும் இயல்புடையவை. இரண்டுக்கும் மடக்கை எடுத்தால் கோடு எப்போதும் நேராகவே தோன்றும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலான சாய்வைத் தனித்தனியாகக் கணித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த உட்சாய்வு 1.8க்கு மேல் தொடங்கி, படிப்படியாக 1.4 வரை இறங்கி, கட்டம் பட்டைகளின் இடைவெளியைத் தாண்டியதும் 2க்குத் தாவியது. எங்கும் ஒரே மதிப்பில் நிலைத்து நிற்கவில்லை. உண்மையான ஃபிராக்டல் உருவமான கோக் வளைவைக் கொடுத்தபோது உட்சாய்வு அதன் அறியப்பட்ட மதிப்பான 1.26ஐச் சுற்றியே நீண்ட தொலைவுக்கு நின்றது.

என் கருத்தில், இந்த ஆய்வில் கற்றுக்கொள்ளத்தக்க முதன்மையான செய்முறை இந்த ஏணிச் சோதனைதான். தன் திசுவின் நாள அகலத்தையும் இடைவெளியையும் கொண்ட ஓர் எளிய வடிவத்தை வரைந்து அதே வழியில் செலுத்திப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் வெளியிடப்படும் ஒரு பின்ன எண்ணை நம்புவதற்குப் படிப்பவருக்கு எந்த ஆதாரமும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதற்சுற்றின் படங்களைத் திருத்திப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. இரு குழுக்களின் நிறமேறிய பரப்பும் சமமாகும் வரை கட்டுப்பாட்டுப் படங்களின் வரம்பு மதிப்பை உயர்த்திப் பார்த்தோம். பரிமாண வேறுபாட்டின் பெரும்பகுதி அப்போதே மறைந்தது. ஆனால் தடுப்பான் உண்மையாகவே நாளங்களை மெலியச் செய்திருந்தால், இந்தத் திருத்தம் உண்மையான விளைவையும் சேர்த்தே அழித்துவிடும். ஆகவே பழைய படங்களிலிருந்து எந்த முடிவுக்கும் வருவதில்லை என்றும், நிறமேற்றலை முதலிலிருந்து செய்வது என்றும் நெறியாளர் தீர்மானித்தார்.

மறுசுற்றில் இரு குழுக்களும் ஒரே குழாயில் சேர்த்து நிறமேற்றப்பட்டன. எந்தக் கரு எந்தக் குழு என்று பின்னர் அறிவதற்காக, நிலைநிறுத்திய பிறகு ஒரு குழுவின் தலைநுனி மட்டும் வெட்டப்பட்டது. வழக்கமாக வாலைத்தான் வெட்டி அடையாளமிடுவார்கள். இங்கே அளக்கப்படுவது வால் என்பதால் தலை தேர்வாயிற்று. படமெடுக்கும்போது வால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பதால், அளப்பவருக்குக் குழு தெரியாமலிருக்கவும் இது உதவியது. கோப்புகளுக்கு மற்றொருவர் குறியீட்டுப் பெயர் இட்டு, எல்லா அளவீடும் முடிந்த பின்பே குழு விவரத்தைத் தந்தார். கரு சற்றே சாய்ந்து கிடந்தால் முன்னும் பின்னும் உள்ள கிளைகள் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து துளைகளை அடைத்துவிடும். அத்தகைய படங்களை ஒதுக்குவதற்கான விதியும் குழு தெரியாத நிலையிலேயே எழுதி வைக்கப்பட்டது.

ஒரே ஜோடி மீன்கள் இட்ட முட்டைகள் உடன்பிறப்புகள். அவற்றைச் சார்பற்ற தனித்தனிச் சான்றுகளாகக் கொண்டது முதற்சுற்றின் மற்றொரு பலவீனம். எனவே பல ஜோடிகளின் முட்டைகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு ஈட்டின் (ஒரு ஜோடி ஒரே முறையில் இட்ட தொகுதியின்) முட்டைகளும் இரு குழுவுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டு, ஒப்பீடு ஈட்டுக்குள்ளேயே நடத்தப்பட்டது.

எதை அளப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடித்தது. ஏற்கப்பட்ட சுருக்கத்தைத் திருத்துவது மாணவிக்கு வலியைத் தந்தது. ஃபிராக்டல் பரிமாணத்தை ஒரு துணை அளவாகவேனும் தலைப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாதிட்டார். பெயர் எதுவானாலும் குழுக்களைப் பிரித்துக் காட்டும் எண் பயனுள்ளதே என்பது அவருடைய நிலை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எதனால் பிரிக்கிறது என்று தெரியாத எண், அடுத்த ஆய்வகத்தில் வேறு வில்லையில் வேறு மதிப்பைத் தரும். அங்கே அதை மறுபடி காண முடியாது. இறுதியில், உட்சாய்வு வரைபடத்தை எல்லாக் கருக்களுக்கும் வரைவது, அது குறைந்தது ஒரு தசமப் படிக்கேனும் நிலைத்து நின்றால் மட்டுமே பரிமாணம் என்ற சொல்லைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே உடன்பாடு ஏற்பட்டது. அதனுடன், துளைகளின் எண்ணிக்கை, துளையின் சராசரிப் பரப்பு, பின்னலின் உயரம், வயிற்றுப்புறக் கிளைநுனிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நேராக அளப்பது என்றும் முடிவாயிற்று.

தொடர்ந்து நிகழ்ந்தவை

மறுசுற்றில், ஒரே குழாயில் நிறமேற்றிய கருக்களில், இயல்புநிலைக் கட்டங்கள் தந்த பரிமாண வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. பரப்பைச் சமப்படுத்தியபோது ஒன்றும் மிஞ்சவில்லை. எந்தக் கருவின் உட்சாய்வும் எங்கும் நிலைத்து நிற்கவில்லை. எல்லாம் ஏணி வடிவத்தைப் போலவே இறங்கி ஏறின. நாளங்களை ஒரு பிக்ஸல் அகலமுள்ள மையக்கோடுகளாகச் சுருக்கியும் பார்த்தோம். அப்போது சிறு கட்டங்களில் சாய்வு 1ஐ ஒட்டியும், துளையைவிடப் பெரிய கட்டங்களில் 2ஐ நோக்கியும் சென்றது. ஆக, மையக்கோட்டுப் படத்தில் பரிமாணம் என்று வெளிவருவது துளையின் சராசரி அளவே. அதைத் துளைகளை அளந்தே சொல்லிவிடலாம்.

நேரடி அளவீடுகள் தெளிவான விடையைத் தந்தன. தடுப்பான் பெற்ற கருக்களில் துளைகள் குறைவாக இருந்தன, பின்னலின் உயரம் குறுகியிருந்தது, வயிற்றுப்புறக் கிளைநுனிகளும் குறைந்திருந்தன. பிஎம்பி சமிக்ஞை பற்றி முன்பே அறியப்பட்டதோடு இவை ஒத்துப்போயின. எஞ்சிய துளைகளின் சராசரிப் பரப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை. வலை சிறுத்திருக்கிறதே தவிர அதன் கண்களின் அளவு மாறவில்லை என்ற இந்தக் கண்டறிதல் ஃபிராக்டல் எண்ணுக்குள் ஒருபோதும் தெரிந்திருக்காது. மாணவியின் ஆய்வேட்டில் இப்போது ஓர் அத்தியாயம் இதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கருத்தரங்கு அமைப்பாளர்களுக்கு எழுதித் தலைப்பும் சுருக்கமும் மாற்றப்பட்டன. மாணவி ஏணிப் படத்தையும் தன் சுவரொட்டியில் வைத்தார்.

ஃபிராக்டல் வடிவியலை ஆய்வகம் கைவிடவில்லை. அளக்கத் தகுந்த திசுவைத் தேடியபோது, கோழிக் கருவின் மஞ்சட்கருப் பையில் பரவும் நாளப் பரப்பு பொருத்தமாகத் தோன்றியது. அடைகாத்த இரண்டாம், மூன்றாம் நாட்களில் அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி விரிகிறது. அதன் நுண்நாளங்களோ பத்து மைக்ரோமீட்டர் அளவின. இரண்டுக்கும் நடுவே மூன்று தசமப் படிகள் கிடைக்கின்றன. திசு ஏறத்தாழ தட்டையானது என்பதால் ஒன்றன்மேல் ஒன்று விழும் சிக்கலும் குறைவு. நுண்நாளத்தையும் முழுப் பரப்பையும் ஒரே படத்தில் பிடிக்க இயலாததால், பல படங்களை எடுத்து ஒட்டுவதற்கான வழி இப்போது அமைக்கப்படுகிறது. ஒட்டிய கோடுகள் பெட்டி எண்ணிக்கையில் தடம் பதிக்கின்றனவா என்ற சோதனை நடந்துவருகிறது.

நடைமுறையில் மாற்றியவை

படம் எடுப்பதற்கு முன்பே, திசுவின் மிகச் சிறிய உறுப்பும் மிகப் பெரிய பரப்பும் மைக்ரோமீட்டரில் அளக்கப்பட்டுக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும் என்பது இப்போது ஆய்வகத்தின் விதி. அவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம் பத்து மடங்குக்குக் குறைவானால் பெட்டி எண்ணலைத் தொடங்குவதில்லை. கட்ட அளவுகள் பிக்ஸலில் அல்லாமல் மைக்ரோமீட்டரில் குறிக்கப்படுகின்றன. கட்டங்களின் தொடக்கப் புள்ளி பல இடங்களுக்கு நகர்த்தப்பட்டு, குறைந்த எண்ணிக்கையே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வரம்பு மதிப்பு ஒன்றில் மட்டும் கிடைக்கும் முடிவு ஏற்கப்படுவதில்லை. மதிப்பை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, முடிவு எந்த எல்லைவரை நிற்கிறது என்பதையும் வெளியிட வேண்டும்.

நிறமேற்றலைப் பொறுத்தவரை ஒரே குழாய் முறை கட்டாயமாக்கப்பட்டது. அது இயலாத இடங்களில், வினை நிறுத்திய நேரமும் கரைசலின் தொகுதியும் ஒவ்வொரு குழாய்க்கும் பதிவாகின்றன. ஃபிராக்டல் அளவு எதுவாயினும், அதே திசுவின் அகலத்தையும் இடைவெளியையும் கொண்ட ஏணி வடிவத்தின் உட்சாய்வு, கருவின் உட்சாய்வுக்கு அருகில் அதே வரைபடத்தில் இடம்பெற்ற பிறகே அது ஆய்வகக் கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.